பலூனில் சல்ஃபர் டை ஆக்சைடை மேலே அனுப்ப: ஹீலியமா, ஹைட்ரஜனா, வேறு ஏதாவதா?

காற்றாடி_மெக்

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு சோலார் ஜியோஎன்ஜினியரிங் (சூரிய ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி பூமியைக் குளிர வைக்கும் யோசனை) எடுத்திருக்கிறேன், அதிலும் முழுசாக இல்லை, பலூன் பகுதி மட்டும். அமெரிக்காவில் மேக் சன்செட்ஸ் என்று ஒரு சின்ன கம்பெனி, வானிலை பலூன் மாதிரியான லேடெக்ஸ் பலூனுக்குள் சல்ஃபர் டை ஆக்சைடையும் தூக்கும் வாயுவையும் சேர்த்தே அடைத்து மேலே விடுகிறது. பலூன் ஸ்ட்ராடோஸ்பியரில் (நாம் இருக்கும் காற்று அடுக்குக்கு அடுத்த மேல் அடுக்கு) போய் வெடித்தால் உள்ளே இருந்தது அங்கே கலந்து, சல்ஃபூரிக் அமிலத் துளிகளாக மாறி, சூரிய ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பது அவர்கள் கணக்கு.

என் கைடு கேட்டது ஒரே கேள்விதான்: "தூக்குவதற்கு எந்த வாயு, ஏன்?" புத்தகத்தில் பார்த்தால் ஹைட்ரஜன் ஹீலியத்தை விட சுமார் 8% தான் அதிகம் தூக்குகிறது. அந்த 8 சதவீதத்துக்காக எரிகிற வாயுவை யாராவது எடுப்பார்களா, ஹீலியம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாமா? அம்மோனியா, மீத்தேன், வெறும் சூடான காற்று என்றெல்லாம் வேறு படித்தேன், அவற்றை எப்படி ஒதுக்குவது என்றும் தெரியவில்லை. அப்புறம் உயரே போகப் போக காற்று லேசாகிவிடுவதால் தூக்கும் சக்தியும் குறையுமா?

மோல்_கணக்கு

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். குறையாது. பலூன் தாராளமாக விரிகிற வரைக்கும் வெளிக் காற்று எவ்வளவு மெலிகிறதோ அதே அளவுக்கு உள்ளே இருக்கும் வாயுவும் மெலிகிறது, அதனால் தரையில் 2 கிலோ தூக்கினால் 15 கிலோமீட்டரிலும் ஏறத்தாழ 2 கிலோதான். 20 கிலோமீட்டரில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் 14-ல் ஒரு பங்கு, எனவே பலூனின் கன அளவு 14 மடங்கு, விட்டம் சுமார் 2.4 மடங்கு. அந்த விரிவை ரப்பர் தாங்குமா என்பதுதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது.

அதனால் கன மீட்டரில் கணக்குப் போடாமல் மோலில் போடுங்கள், எல்லாம் சுலபமாகிவிடும். மோல் என்பது மூலக்கூறுகளின் ஒரு நிலையான எண்ணிக்கை, ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் எந்த வாயுவின் ஒரு மோலும் ஏறத்தாழ ஒரே இடத்தைத்தான் அடைக்கும். ஒரு மோல் காற்று 29 கிராம். ஹைட்ரஜன் 2 கிராம், ஹீலியம் 4 கிராம். ஆக ஒரு மோல் ஹைட்ரஜன் 27 கிராம் தூக்கும், ஹீலியம் 25 கிராம். ஹைட்ரஜனின் எடை ஹீலியத்தில் பாதி என்றாலும் இரண்டுமே 29-க்கு முன்னால் ஒன்றுமில்லை, வித்தியாசம் 8 சதவீதத்தோடு நின்றுவிடுவது அதனால்தான்.

இப்போது சரக்கு. சல்ஃபர் டை ஆக்சைடு ஒரு மோல் 64 கிராம், ஆனால் வாயுவாக பலூனுக்குள்ளேயே இருப்பதால் அதுவும் 29 கிராம் காற்றைத் தள்ளுகிறது, நீங்கள் தூக்க வேண்டியது மீதி 35 கிராம் மட்டும். தனிச் சிலிண்டரில் தொங்கவிடாமல் உள்ளேயே கலந்து அடைப்பதில் இருக்கிற பெரிய லாபம் இது, சிலிண்டர் எடையும் இல்லை, சரக்கின் எடையிலும் பாதி கிட்டத்தட்ட கழிந்துவிடுகிறது. ஒரு மோல் சரக்குக்கு 1.3 மோல் ஹைட்ரஜன் அல்லது 1.4 மோல் ஹீலியம் போதும், ரப்பரின் எடையும் மேலே ஏற வேண்டிய உந்துதலும் தனி.

ஒற்றைப் பலூனுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. 1,200 கிராம் பலூன், 1 கிலோ சரக்கு என்று போட்டுப் பார்த்தால் எந்த வாயுவாக இருந்தாலும் தரையில் 3 கன மீட்டருக்குள் அடங்குகிறது, வெடிக்கும் உயரத்தில் அரை கிலோமீட்டர் கூட வித்தியாசம் வராது. செமினாரில் பேச வேண்டியது 8 சதவீதத்தைப் பற்றி இல்லை.

இதையே 10 லட்சம் டன்னுக்குப் போடுங்கள். 1991-ல் பினடுபோ எரிமலை ஸ்ட்ராடோஸ்பியருக்குள் அனுப்பியது சுமார் 1.5 கோடி டன் சல்ஃபர் டை ஆக்சைடு, பூமி அரை டிகிரி குளிர்ந்தது, ஓரிரு ஆண்டில் பழைய நிலைக்கு வந்தது. ஜியோஎன்ஜினியரிங் பேசுகிறவர்கள் ஆண்டுக்கு பல லட்சம் டன்னில் ஆரம்பித்து கோடிக்குப் போகிறார்கள், அதனால் 10 லட்சம் என்பது பெரிய எண் இல்லை. அதைத் தூக்க ஹீலியம் மட்டும் 49 கோடி கன மீட்டர் வேண்டும். உலகம் முழுக்க ஓராண்டில் எடுக்கப்படும் ஹீலியமே சுமார் 17 கோடி கன மீட்டர்தான்! எம்ஆர்ஐ எந்திரம், செமிகண்டக்டர் ஆலை, ராக்கெட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மொத்தத்தையும் பலூனுக்கே கொடுத்தாலும் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். அதுவும் போனால் போனதுதான், மேலே போன ஹீலியம் கடைசியில் பூமியை விட்டே வெளியேறிவிடும், திரும்ப வேண்டும் என்றால் இயற்கை எரிவாயுக் கிணறுகளில் இருந்துதான் பிரிக்க வேண்டும். அந்தக் கிணறுகளும் அமெரிக்கா, கத்தார், அல்ஜீரியா, ரஷ்யா என்று விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருக்கின்றன. 2017-ல் அண்டை நாடுகள் கத்தாரின் எல்லையை மூடியபோது ஹீலியம் ஆலைகள் நின்று உலகமே தடுமாறியது.

ஹைட்ரஜன் என்றால்? அதே 10 லட்சம் டன் சரக்குக்கு சுமார் 41,000 டன். உலகில் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் தயாராகிறது, அதில் இது தூசு. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்தாலும் கிலோவுக்கு 50 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், மொத்தம் 200 கோடி யூனிட் சொச்சம். பணம் இருந்தால் வாங்கிவிடலாம். ஹீலியத்தை எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த அளவுக்கு வாங்க முடியாது. கைடு கேட்ட "ஏன்" என்பதற்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

மேல்காற்று_அப்சர்வர்

தம்பி, மேலே நண்பர் போட்ட கணக்கு சரி. நான் வானிலை நிலையத்தில் ரேடியோசோன்ட் (மேல்காற்றை அளந்து ரேடியோவில் அனுப்பும் கருவி) பலூன் விட்டு ஓய்வு பெற்றவன், எரிகிற வாயு என்று நீ பயப்படுவதைப் பற்றி இரண்டு வார்த்தை.

உலகம் முழுக்க ஏறத்தாழ 900 இடங்களில் இருந்து நாளுக்கு இருமுறை வானிலை பலூன் மேலே போகிறது, அதில் நிறைய ஹைட்ரஜனில்தான். நம் நாட்டிலும் அப்படித்தான். ஹைதராபாத்தில் டாடா ஆய்வு நிறுவனத்தின் பலூன் தளத்தில் பிளாஸ்டிக் படலத்தில் செய்த ராட்சத பலூன்களையே ஹைட்ரஜன் நிரப்பி விடுகிறார்கள். ஹிண்டன்பர்க் 1937-ல் எரிந்ததையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, அதில் 97 பேர் உள்ளே இருந்தார்கள், 36 உயிர் போனது தரையில் நின்ற ஒருவரையும் சேர்த்து. உன் பலூனில் ஆள் யாரும் போகப் போவதில்லை. ஆபத்து எல்லாம் தரையில் நிரப்பும் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

அந்த அரை மணி நேரம் விளையாட்டு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காற்றில் 4 சதவீதத்தில் இருந்து 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். பற்ற வைக்க 0.02 மில்லிஜூல் போதும், கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சுரீர் என்கிறதே, அந்தப் பொறி இதைவிடப் பல மடங்கு. பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் எர்த்திங், நைலான் பாலியஸ்டர் கூடாது பருத்திச் சட்டைதான், போன் வெளியே, நிரப்பும் கூடத்தின் கூரையில் உச்சியில் திறப்பு (ஹைட்ரஜன் மேலே போய்த் தேங்கும், பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்து என்ன பயன்?), அப்புறம் மெதுவாக நிரப்ப வேண்டும். வேகமாகத் திறந்தால் வாயு ஓடும் உரசலிலேயே ஸ்டேடிக் ஏறும். சிலிண்டர் வால்வில் எரியும் வாயுவுக்கு இடது மரை இருக்கும், அதற்குக் காரணமே யாரும் மறந்துபோய் வேறு ரெகுலேட்டரை மாட்டிவிடக் கூடாது என்பதுதான். நம் திருவிழாக்களில் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டையும் பழைய சிலிண்டரில் போட்டு ஹைட்ரஜன் எடுத்து பலூன் ஊதுகிறார்களே, அந்த வெடிப்புகளைப் பார்த்துவிட்டு ஹைட்ரஜனையே குறை சொல்வது நியாயமில்லை, அங்கே அழுத்தமும் சூடும் கட்டுப்பாடே இல்லாமல் ஏறுகிறது.

இன்னொன்று. சல்ஃபர் டை ஆக்சைடு எரியாத வாயு, அது பாதி கலந்துவிட்டால் ஹைட்ரஜன் பற்றாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த விகிதத்திலும் பற்றும், பற்றினால் சரக்கு முழுதும் நிரப்புகிறவன் முகத்தில். அது காற்றில் 100 பிபிஎம் (10 லட்சத்தில் 100 பங்கு) இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. என்னைக் கேட்டால் நான் ஹைட்ரஜனுக்குப் பயப்பட மாட்டேன், அந்த இன்னொரு சிலிண்டருக்குத்தான் பயப்படுவேன்.

காற்றாடி_மெக்

மிக்க நன்றி அண்ணா, சார். மோல் கணக்கு எனக்கு எந்தப் புத்தகத்திலும் இப்படிக் கிடைக்கவில்லை. அம்மோனியா பற்றி யாராவது சொல்லுங்களேன், அழுத்தத்தில் திரவமாக்கி லாரியில் கொண்டுபோகலாம், ஹைட்ரஜன் மாதிரி கனமான சிலிண்டர்கள் தேவையில்லை என்று படித்தேன். சூடான காற்றும்தான்.

மோல்_கணக்கு

அம்மோனியா 17 கிராம், ஆக மோலுக்கு 12 கிராம்தான் தூக்கும், ஹீலியத்தில் பாதி. போகட்டும், பலூனைப் பெரிதாக்கலாம் என்றால் வேறு சிக்கல்: அது காரம், சல்ஃபர் டை ஆக்சைடு அமிலம். இரண்டையும் ஒரே பைக்குள் விட்டால், கொஞ்சம் ஈரம் இருந்தாலே போதும், சேர்ந்து வெள்ளைப் பொடியாக உப்பு படியும். தூக்கும் வாயுவும் காலி, சரக்கும் காலி. தனிப் பையில் வைத்தாலும் தூக்குவது ஹீலியத்தில் பாதிதான்.

மீத்தேனும் மோலுக்கு 13 கிராம் சுமார்தான். பூமியைக் குளிர வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு பலூனிலும் மீத்தேனை மேலே கொட்டிவிட்டு வருவது, வீட்டில் தீயணைக்கப் போனவன் கையில் மண்ணெண்ணெய் டின்னோடு போன மாதிரி இருக்கும். ஒரு வரியில் ஒதுக்கிவிடுங்கள்.

சூடான காற்று கொஞ்சம் சுவாரசியம். பர்னர் வைத்து இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் பையின் உள்ளே கரித்தூள் பூசி வெயிலிலேயே சூடாக்குவது. அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகத்தார் ஹீலியோட்ரோப் என்று பெயர் வைத்து இப்படிப் பறக்க விடுகிறார்கள், சிலிண்டரே இல்லாமல் ஸ்ட்ராடோஸ்பியர் வரை போய் சூரியன் மறையும் வரை மிதக்கிறது. ஆனால் தூக்குவது சில கிலோ எடையுள்ள கருவிகளை மட்டும், பையோ பல மீட்டர் விட்டம். அதில் சரக்கை உள்ளே கலக்கவும் முடியாது, தனியாகத் தொங்கவிட வேண்டும், எனவே நான் முதலில் சொன்ன அந்த 29 கிராம் லாபம் போய்விடும். சில கிலோ வைத்து ஆராய்ச்சி செய்ய நல்லது, டன் கணக்குக்கு ஆகாது.

வெயிலூர்க்காரன்

எல்லோரும் வாயுவைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு வேறு கேள்வி. பலூனே சரிதானா? 10 லட்சம் டன்னை ஒரு பலூனுக்கு 1 கிலோ என்று அனுப்பினால் 100 கோடி பலூன். ஆண்டுக்கு! அத்தனை ரப்பரும் கிழிந்து எங்காவது வயலிலும் கடலிலும் விழ வேண்டும். பெரிய பலூன் என்றால் அதற்கேற்ற பெரிய பிளாஸ்டிக் படலம். இதனால்தான் இந்தத் துறையில் செலவுக் கணக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் உயரப் பறக்கும் விமானத்துக்குப் போய்விட்டார்கள்.

பிரிட்டனில் 2011-ல் ஸ்பைஸ் என்ற திட்டத்தில் வேறு வழி யோசித்தார்கள். பலூனை விட்டுவிடாமல் கட்டிப்போட்டு, 20 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாக தரையில் இருந்தே பம்ப் செய்வது. முன்னோட்டமாக நார்ஃபோக்கில் ஒரு பழைய விமானதளத்தில் 1 கிலோமீட்டர் உயரத்துக்கு பலூனை ஏற்றி வெறும் தண்ணீரைத் தெளிக்க நினைத்தார்கள், அதுவே நடக்கவில்லை, காப்புரிமைச் சிக்கலும் எதிர்ப்பும் சேர்ந்து 2012 மே மாதம் கைவிட்டார்கள். ஹார்வர்டின் ஸ்கோபெக்ஸ் 2021-ல் சுவீடனின் கிருனாவில் பலூனை விடப் பார்த்தது, சரக்கு எதுவும் இல்லாமல் கருவியைச் சோதிக்க மட்டும், சாமி பழங்குடி மக்களின் அமைப்பு எதிர்த்ததும் நின்றது, 2024-ல் திட்டமே மூடப்பட்டது. நீங்கள் சொல்லும் மேக் சன்செட்ஸ் 2022-ல் யாரையும் கேட்காமல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் பலூன் விட்டது, 2023 ஜனவரியில் மெக்சிகோ இந்தச் சோதனைகளைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனமும் அவர்களிடம் விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. எந்தத் திட்டமும் வாயு கிடைக்காமல் நிற்கவில்லை. செமினாரில் இதையும் ஒரு ஸ்லைடு போடுங்கள்.

இன்னொரு சந்தேகம், ஹைட்ரஜனை அவ்வளவு மேலே கொண்டுபோய் விட்டால் அதுவே கெடுதல் இல்லையா? ஓசோனுக்கு ஆகாது என்று எங்கோ படித்தேன்.

மோல்_கணக்கு

நல்ல கேள்வி, இதையும் எண்ணிலேயே பார்க்கலாம். மேலே விட்ட ஹைட்ரஜன் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து நீராவியாகும், 1 டன்னுக்கு 9 டன் நீராவி. ஸ்ட்ராடோஸ்பியர் மிகவும் வறண்ட இடம், அங்கே நீராவி கூடினால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், ஓசோன் வேதியியலிலும் கை வைக்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் நம் 41,000 டன் ஹைட்ரஜன் தருவது 3.7 லட்சம் டன் நீராவி. 2022 ஜனவரியில் டோங்கா பக்கத்தில் ஹுங்கா எரிமலை ஒரே நாளில் ஸ்ட்ராடோஸ்பியருக்குள் அடித்தது சுமார் 15 கோடி டன் தண்ணீர், அங்கே இருந்த மொத்த நீராவியில் ஏறத்தாழ 10 சதவீதம். அதற்கு முன் இது 400-ல் ஒரு பங்கு. ஹைட்ரஜனின் மறைமுக வெப்பமூட்டலை கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால் 100 ஆண்டுக் கணக்கில் 11, 12 மடங்கு என்கிறார்கள், அப்படி வைத்தாலும் சுமார் 5 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், ஒரு நடுத்தர அனல் மின் நிலையம் விடுவதை விடக் குறைவு. ஓசோனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது ஹைட்ரஜனுக்காக இல்லை, சல்ஃபேட் துளிகளுக்காகத்தான். பினடுபோவுக்குப் பிறகு ஓசோன் குறைந்தது அந்தத் துளிகளின் மேற்பரப்பில் நடந்த வேதிவினைகளால்.

பலூனா விமானமா என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மேல்காற்று_அப்சர்வர்

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. தம்பி, பலூனை எந்த ஊரில் இருந்து விடப்போவதாக எழுதியிருக்கிறாய்? ஸ்ட்ராடோஸ்பியரில் காற்று நிலநடுக்கோட்டுப் பக்கம் மேலேறி துருவங்களை நோக்கிப் பரவுகிறது, அதனால் சரக்கு உலகம் முழுக்கப் பரவ வேண்டும் என்றால் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இருந்து விடுவதுதான் பொருத்தம் என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் நெவாடாவிலும் இங்கிலாந்திலும் ஸ்ட்ராடோஸ்பியர் 11, 12 கிலோமீட்டரில் தொடங்கிவிடும், நமக்கு 16, 17 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். அதைவிட முக்கியம், நமக்கு மேலே அந்த எல்லையில் குளிர் -80 வரை போகும். சோன்ட் தரவில் தினமும் பார்த்தது. வெயில் ஊர் என்றாலும் தலைக்கு மேல் 17 கிலோமீட்டரில் துருவத்தை விடக் குளிர்.

சல்ஃபர் டை ஆக்சைடு -10 டிகிரியிலேயே திரவமாகிற வாயுதானே? உள்ளே கலந்து அடைத்தது வழியில் திரவமாகாதா?

மோல்_கணக்கு

சார், இந்தக் கேள்விக்குத்தான் கைடு மார்க் போட வேண்டும்.

-10 என்பது தரை அழுத்தத்தில். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்குகிறது, அதோடு பலூனுக்குள் அது தனியாக இல்லை, கலவையில் அதன் பங்கு அழுத்தத்தைத்தான் (மொத்த அழுத்தத்தில் அதன் விகிதத்துக்கு உரியது) பார்க்க வேண்டும். 20 கிலோமீட்டரில் -56 டிகிரி என்று போட்டால், அங்கே மொத்த அழுத்தம் 55 மில்லிபார், பலூனில் 40 சதவீதம் சரக்கு இருந்தாலும் அதன் பங்கு 22 மில்லிபார். அந்தக் குளிரில் சல்ஃபர் டை ஆக்சைடின் ஆவி அழுத்தம் (பங்கு அழுத்தம் இதைத் தாண்டினால்தான் திரவமாகும்) அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், எனவே வாயுவாகவே இருக்கும். நடு அட்சரேகையில் இடையில் 12 கிலோமீட்டரை ஒட்டி எல்லைக்கோட்டில் நிற்கும். வெப்ப நாடுகளின் -80-ல், 100 மில்லிபாரில் நிலைமை தலைகீழ்: ஆவி அழுத்தம் 10 மில்லிபார் அளவுக்கு இறங்கிவிடும், 40 சதவீதக் கலவையில் பங்கு 40 மில்லிபார். திரவமாகவோ உறைந்தோ பலூனின் அடியில் சேரும், அப்படி மாறும் ஒவ்வொரு மோலும் தள்ளிக்கொண்டிருந்த 29 கிராம் காற்று கணக்கில் இருந்து போய்விடும். ஏறிக்கொண்டிருந்த பலூன் அந்த உயரத்திலேயே நின்றுவிடலாம், கீழேயும் இறங்கலாம். பகலில் வெயில் பட்டு பலூன் கொஞ்சம் சூடாக இருக்கும், இரவில் அந்த உதவியும் கிடையாது.

எனவே வெப்ப நாட்டில் விடுவதாக இருந்தால் சரக்கு விகிதத்தை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, மீதியை ஹைட்ரஜனால் நிரப்ப வேண்டியிருக்கும். அதாவது நான் முதலில் சொன்ன 1.3 மோல் கணக்கு இங்கே செல்லாது, சரக்குக்கு 9 மோல் ஹைட்ரஜன். 10 லட்சம் டன்னுக்கு 41,000 டன் என்பது 2.8 லட்சம் டன் ஆகிவிடும். ஹைட்ரஜனுக்கு இதுவும் சமாளிக்கக்கூடிய அளவுதான். ஹீலியத்தில் இதே கணக்கைப் போட்டால் 300 கோடி கன மீட்டருக்கு மேல் வரும், போட்டுப் பாருங்கள்.

காற்றாடி_மெக்

கடவுளே. கலிபோர்னியா என்று எழுதி வைத்திருந்தேன், இப்போது இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகப் போடுகிறேன். ஆவி அழுத்த அட்டவணை எங்கள் லைப்ரரி ஹேண்ட்புக்கில் இருக்கிறது. கிளப் பையன்கள் மாடியில் ஒன்று விட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள், சரக்கு இல்லாமல், வெறும் பலூன் மட்டும்.

மேல்காற்று_அப்சர்வர்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி இல்லாமல் எதுவும் விடக் கூடாது, அதை முதலில் கிளப் பையன்களுக்குச் சொல். அனுமதி கிடைத்தாலும் முதல் பலூனை ஹீலியத்தில் விடுங்கள், ஒன்றிரண்டு பலூனுக்கு உலகத்தில் ஹீலியம் தீர்ந்துவிடாது. கணக்கில் ஃப்ரீ லிஃப்ட் (மொத்த எடையைத் தாங்கியது போக மேலே ஏற மிஞ்சும் தூக்கும் சக்தி) சேர்க்க மறக்காதே, பலூன் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏற வேண்டும், அப்படி ஏறினாலே 20 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று அதை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று அன்றைய சோன்ட் தரவைப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்.